கத்திரி வெயிலில் செமஸ்டர்: வேலூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு தேர்வுக்கால வழிகாட்டி

கலைக் கல்லூரியோ பொறியியல் கல்லூரியோ, வருடக் கடைசி செமஸ்டர் தேர்வு வந்து விழுவது ஏப்ரல், மே மாதங்களில்தான். வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதும் அதே நாட்களில். எந்த யூனிட்டை எப்போது படிப்பது என்று அட்டவணை போடுகிறவர்கள், மதியம் 2 மணிக்கு மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் உட்கார்ந்து படிக்கவே முடியாது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. அட்டவணை மூன்றாம் நாளே கிழிவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம், சோம்பல் அல்ல.

ஹால் டிக்கெட் கைக்கு வந்த அன்றைக்கு

பெயர், பதிவு எண், புகைப்படம் மூன்றையும் எல்லாரும் பார்ப்பார்கள். பாடக் குறியீட்டை ஒவ்வொன்றாகப் பார்க்கிறவர்கள் குறைவு. அரியர் இருக்கிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். கட்டணம் கட்டிய பேப்பர் ஹால் டிக்கெட்டில் இல்லை என்றால், கட்டணம் கட்டிய ரசீதோடு அன்றைக்கே கல்லூரி அலுவலகத்தின் தேர்வுப் பிரிவுக்குப் போங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் போனால், தப்பு அவர்களுடையதே என்றாலும் அலைவது நீங்கள்தான்.

அடுத்து ஒரு தாளில் தேதி, கிழமை, பாடம், காலையா மாலையா, நடுவில் எத்தனை நாள் இடைவெளி என்று கையால் எழுதி, படுக்கும் இடத்துக்கு எதிர்ச் சுவரில் ஒட்டுங்கள். பரவலாக எஃப்.என். என்றால் 10 முதல் 1, ஏ.என். என்றால் 2 முதல் 5. மாலைத் தேர்வை மட்டும் சிவப்பில் வட்டமிடுங்கள். அரியர் பேப்பர் ஒரு செஷன், இந்த செமஸ்டர் பேப்பர் இன்னொரு செஷன் என்று மாறி மாறி வரும்போது, காலைத் தேர்வை மாலை என்று நினைத்துக்கொண்டு வீட்டில் படித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

எந்த யூனிட்டை விடலாம்? மதிப்பெண் கணக்கு

பாடத்திட்டம் 5 யூனிட். கலை, அறிவியல் படிப்புகளில் பரவலாக உள்ள வினாத்தாள் 75 மதிப்பெண்ணுக்கு: பகுதி அ-வில் பத்து 2 மார்க், பகுதி ஆ-வில் ஐந்து 5 மார்க், பகுதி இ-யில் ஐந்தில் மூன்று 10 மார்க். மீதி 25 இன்டர்னல். தன்னாட்சிக் கல்லூரிகளில் இது மாறும். ஆகவே உங்கள் பாடத்தின் போன முறை வினாத்தாளை எதிரில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

பகுதி அ-வில் யூனிட்டுக்கு இரண்டு கேள்வி. பகுதி ஆ-வில் யூனிட்டுக்கு ஒன்று, அதிலேயே ‘அ அல்லது ஆ’. பகுதி இ-யில் யூனிட்டுக்கு ஒன்று. அப்படியானால் ஒரு யூனிட்டை முழுதாகக் கைகழுவினால் போவது 4 + 5 = 9 மதிப்பெண். பகுதி இ-யில் நஷ்டமே இல்லை, மீதி நான்கிலிருந்து மூன்றை எழுதலாம். இரண்டு யூனிட்டை விட்டால் 18 போகும். பகுதி இ-யில் தேர்ந்தெடுக்க வழியே இருக்காது, வந்த மூன்றையும் எழுதித்தான் ஆக வேண்டும். அதில் ஒன்று தெரியாத கேள்வியாக வந்தால் இன்னொரு 10. ஆக, நேரமே இல்லாதவர் ஒரு யூனிட்டை விடலாம். இரண்டை விடுவது சூதாட்டம்.

பொறியியலில் இந்தக் கணக்கு எடுபடாது. 100 மதிப்பெண் வினாத்தாளில் பத்து 2 மார்க், ஐந்து 13 மார்க், ஒரு 15 மார்க். 13 மார்க் கேள்விகளில் தேர்வு யூனிட்டுக்குள்ளேதான், யூனிட்டுகளுக்கு இடையே இல்லை. ஒரு யூனிட் விட்டால் 17 காலி. அங்கே முழு யூனிட்டை விடாமல், ஒவ்வொரு யூனிட்டிலும் கடினமான ஒரு தலைப்பை விடுவதே சரி.

எந்த யூனிட்டை விடுவது? கடினமானதை என்று நினைப்பார்கள். இல்லை, நீளமானதை விட வேண்டும். படிக்க ஒன்றரை நாள் பிடிக்கும் யூனிட்டுக்கும் அரை நாளில் முடியும் யூனிட்டுக்கும் வினாத்தாளில் ஒரே எடைதான்.

இடைவெளி நாளின் மணிக்கணக்கு

இரண்டு பேப்பருக்கு நடுவில் ஒரு முழு நாள் கிடைத்தால், ஏப்ரல் மாத வேலூரில் அந்த நாளைப் பின்வருமாறு பிரிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

அதிகாலை 5 முதல் 8.30 வரை கடினமான யூனிட். நாளின் ஒரே குளிர்ந்த நேரம் இது, இதில் 2 மார்க் கேள்வி மனப்பாடம் செய்து வீணாக்காதீர்கள். குளியல், டிபன் முடித்து 9.30 முதல் 12 வரை அடுத்த யூனிட். 12-லிருந்து 3.30 வரை புதிதாக எதையும் தொடாதீர்கள். சாப்பிட்டு 30 நிமிடம், மிஞ்சினால் 40 நிமிடம் படுங்கள். ஒன்றரை மணி நேரம் தூங்கினால் எழும்போது தலை பாரமாகி மாலையும் போய்விடும். மதியத்தில் மிஞ்சும் நேரத்தில் கையால் செய்கிற வேலை மட்டும்: படம் வரைந்து பார்ப்பது, பழைய வினாத்தாளில் ஒரு 10 மார்க் கேள்வியைக் கடிகாரம் வைத்து எழுதுவது. வாசிக்கும்போது சொக்குகிற கண், எழுதும்போது அவ்வளவாகச் சொக்காது. 4 முதல் 6 வரை மூன்றாவது யூனிட். பிறகு ஒரு மணி நேரம் வெளியே. வேலூரிலேயே தங்கியிருப்பவர்களுக்குக் கோட்டை அகழி ஓரம் நடந்துவிட்டு வருவது போதும். 7.30 முதல் 10 வரை காலையில் படித்ததைப் புத்தகத்தைப் பார்க்காமல் தலைப்புகளாக எழுதிப் பார்ப்பது. 10.30-க்குப் படுக்கை.

அறையைக் குளிர்விக்கச் சில வேலைகள் உண்டு. காலை 10 மணிக்கே வெயில் விழும் பக்கத்து ஜன்னல்களைச் சாத்திவிடுங்கள், பொழுது சாய்ந்த பிறகு எல்லாவற்றையும் திறங்கள். காற்று வரட்டும் என்று மதியம் திறந்து வைத்தால் உள்ளே வருவது அனல். மொட்டை மாடிக்கு நேர் கீழே அறை என்றால், பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் தளம் இரவு 10, 11 மணி வரை சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் தலையில் கொட்டுகிறது. மாலை 6 மணிக்குமேல் மாடியில் நாலைந்து குடம் தண்ணீர் ஊற்றினால் தளம் சீக்கிரம் ஆறும். மதியம் 2 மணிக்கு ஊற்றினால் ஊற்றிய கையோடு காய்ந்து தண்ணீர்தான் வீண். நனைத்துப் பிழிந்த துண்டை ஜன்னலில் தொங்கவிடுவது கோடையில் நன்றாக வேலை செய்யும், காரணம் இங்குள்ள வெயில் வறண்ட வெயில். நவம்பர் மழைக்காலத்தில் அதே துண்டு நாற்றம்தான் கொடுக்கும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9-லிருந்து மாலை வரை மின்சாரம் நிறுத்தும் நாள் முன்கூட்டியே செய்தித்தாளில் வரும். உங்கள் பகுதிப் பெயர் இருந்தால் அன்றைக்கு மாவட்ட மைய நூலகத்துக்கோ வேறு பகுதியில் உள்ள நண்பர் வீட்டுக்கோ போய்விடுங்கள். பாடம் எல்லாம் போனில் பி.டி.எஃப். ஆக இருக்கிறவர்கள் முக்கியமான பக்கங்களையாவது முந்தைய நாளே ஜெராக்ஸ் எடுத்து வைப்பது நல்லது.

ஊரில் பாரதம் நடந்தால்

இந்த ஒன்றை எந்தப் படிப்பு ஆலோசனையிலும் பார்க்க முடியாது. ஆனால் வட ஆற்காட்டுக் கிராமத்திலிருந்து வருகிற மாணவருக்கு இதுதான் முதல் பிரச்சினை. திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா பெரும்பாலும் கோடையில் நடக்கும். பிற்பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தொடங்கி விடியும் வரை தெருக்கூத்து. கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி. கடைசியில் துரியோதனன் வீழ்வதை நடித்துக் காட்டும் படுகளமும் தீமிதியும். இப்படி நாள் கணக்கில் போகும்.

சத்தத்தை நிறுத்தச் சொல்லிச் சண்டை போடுவதில் பயன் இல்லை, விழாக் குழுவில் உங்கள் மாமாவே இருப்பார். விழா நோட்டீஸ் அடித்தவுடன் அதைத் தேர்வு அட்டவணையோடு பொருத்திப் பாருங்கள். கூத்து நடக்கிற இரவும் மறுநாள் காலைத் தேர்வும் ஒன்றாக வந்தால், அந்த ஓரிரண்டு இரவுக்கு மட்டும் டவுனில் உள்ள சித்தி வீட்டிலோ நண்பரின் அறையிலோ தங்க முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மற்ற நாட்களில் பிற்பகல் சொற்பொழிவு நேரத்தில் தூக்கத்தையும் எழுத்து வேலையையும் வைத்துக்கொண்டு, சொற்பொழிவு முடிந்து கூத்து தொடங்கும் வரை கிடைக்கிற அமைதியில் படிக்கலாம். காதில் பஞ்சு வைத்தால் வசனம் கேட்காது, ஆனால் மத்தளம் கேட்கும். பாட்டுக்கு மேல் பாட்டு வைத்து ஹெட்போனில் படிப்பது அதைவிட மோசம்.

சாப்பாடும் தண்ணீரும்

காலைத் தேர்வுக்கு 8 மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். நான்கு இட்லி, இல்லையென்றால் இரண்டு தோசை. நெய் வழியும் பொங்கல் வேண்டாம், 11 மணிக்கு அது கண்ணில் ஏறும். மாலைத் தேர்வுக்கு 12 மணிக்குள் தயிர்சாதமோ மோர்சாதமோ முக்கால் வயிறு. வீட்டில் கேழ்வரகுக் கூழ் கரைக்கிற பழக்கம் இருந்தால், மோரும் உப்பும் சேர்த்து ஒரு சொம்பு குடித்துவிட்டுப் போவதைப்போல ஒன்று வராது. மூன்று மணி நேரம் வயிறு தொந்தரவு செய்யாது.

சாலையோரம் வெட்டி வைத்த தர்பூசணி, ஐஸ் போட்ட ஜூஸ் இரண்டையும் கடைசி பேப்பர் முடியும் வரை தள்ளி வையுங்கள். தாகத்தில் குடித்து, இரவு வயிற்றுப்போக்கு வந்து, மறுநாள் தேர்வைக் கோட்டை விடுவது இந்தக் காலத்தில் சாதாரணம். முழுக் காயை வாங்கி வீட்டில் வெட்டிச் சாப்பிடுவதில் ஆபத்து இல்லை. கண்ணெதிரே சீவித் தரும் நுங்கும் இளநீரும் சரி. வயிறு போனால் ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை முழுதாக 1 லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். ஒரு டம்ளரில் ஒரு பாக்கெட்டைக் கொட்டிக் குடிப்பது தவறு, உப்பு மிஞ்சி நிலைமை மோசமாகும். சாயங்காலம் 5 மணிக்குமேல் காபி, டீ வேண்டாம். ஆம்பூர் பிரியாணி எங்கேயும் ஓடிப்போகாது.

கல்லூரி போய்ச் சேர்வது

ஜோலார்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம், அரக்கோணம் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்கள் வழக்கமாக வரும் வண்டியை மறந்துவிட்டு அதற்கு முந்தைய வண்டியைப் பிடியுங்கள். காட்பாடியில் இறங்கியதோடு பயணம் முடியவில்லை. ஓட்டேரிப் பக்கம் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரிக்குப் போகிறவர் பாலாற்றைத் தாண்டி, கிரீன் சர்க்கிள் நெரிசலைத் தாண்டி, சி.எம்.சி. வாசலில் நோயாளிகளும் ஆட்டோக்களும் அடைத்து நிற்கும் ஆற்காடு சாலையைத் தாண்டி, ஊரின் மறுமுனைக்குப் போக வேண்டும். காட்பாடி – பாகாயம் நகரப் பேருந்தில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஜவ்வாது மலை, ஒடுகத்தூர் பக்கத்து ஊர்களில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. காலைத் தேர்வுக்கு முந்தைய இரவே கீழே இறங்கித் தங்குவதுதான் பாதுகாப்பு.

வைகாசி முதல் நாள், அதாவது மே 15-ஐ ஒட்டி, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அன்றைக்கு அந்த ஊருக்குள்ளோ ஊர் வழியாகவோ வண்டியில் போவது நடக்காத காரியம். நவம்பர், டிசம்பர் செமஸ்டரில் திருவிழா இடத்தை மழை பிடித்துக்கொள்ளும். மாவட்ட ஆட்சியர் கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டால் தேர்வும் தானாகத் தள்ளிப்போகும் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். பல்கலைக்கழகத்தின் அறிவிப்பில் உங்கள் தேர்வுத் தேதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வாட்ஸ்அப்பில் சுற்றுவது போன வருடத்து அறிவிப்பாகக்கூட இருக்கும்.

தேர்வறையில் 180 நிமிடம்

கையில் இருக்க வேண்டியவை: ஒரே மாதிரியான, ஏற்கெனவே இரண்டு பக்கமாவது எழுதிப் பழகிய இரண்டு நீல பால் பாயின்ட் பேனா, தலைப்புக்குக் கறுப்பு ஒன்று, பென்சில், அழிப்பான், ஸ்கேல், லேபிளைக் கிழித்த தண்ணீர் பாட்டில், இரண்டு கைக்குட்டை. எல்லாம் உள்ளே தெரிகிற பையில். ஹால் டிக்கெட்டின் பின்பக்கம் பென்சிலால்கூட எதுவும் எழுதியிருக்கக் கூடாது. நேற்று நண்பரின் போன் நம்பரைக் குறித்திருந்தாலும் ஸ்குவாட் (காப்பியடிப்பதைப் பிடிக்க வரும் பறக்கும் படை) வந்தால் அது விசாரணைக்கு உரிய விஷயம். போன் அணைத்து வைத்திருந்தாலும், ஸ்மார்ட் வாட்ச் சார்ஜ் இல்லாமல் இருந்தாலும் அதே கதைதான்.

இரண்டாவது கைக்குட்டை எதற்கு? எழுதும் கை தாளில் படுகிற இடத்தைக் கவனியுங்கள். சுண்டு விரலின் அடிப்பக்கம் வியர்த்து அந்த ஈரமும் பிசுக்கும் தாளில் இறங்கும். ஐந்து வரி கழித்துப் பேனா அந்த இடத்துக்கு வரும்போது மை பிடிக்காமல் வழுக்கும். ஜெல் பேனா என்றால் எழுதியதே கலங்கி, தாளின் மறுபக்கம் வரை ஊறிவிடும். கைக்குட்டையை நான்காக மடித்துக் கைக்கு அடியில் வைத்து, வரி இறங்க இறங்க அதையும் இறக்கிக்கொண்டே போங்கள். வீட்டில் ஒரு மதியம் பழகினால் போதும்.

75 மார்க் தாளில் ஒரு மதிப்பெண்ணுக்கு 2.4 நிமிடம் கிடைக்கிறது. அதை இப்படிச் செலவழிக்கலாம்:

10.00 – 10.10: பதிவு எண், பாடக் குறியீடு நிரப்பி, வினாத்தாள் முழுவதையும் வாசித்து, பகுதி இ-யில் எந்த மூன்று என்று முடிவு செய்வது.
10.10 – 10.35: பகுதி அ. வராத கேள்விக்கு மூன்று வரி இடம் விட்டு நகருங்கள்.
10.35 – 11.25: பகுதி இ-யில் நன்றாகத் தெரிந்த இரண்டு.
11.25 – 12.25: பகுதி ஆ, ஐந்தும். ஒவ்வொன்றுக்கும் 12 நிமிடம்.
12.25 – 12.50: பகுதி இ-யில் மூன்றாவது.
12.50 – 1.00: எண் சரிபார்ப்பு.

மூன்றாவது 10 மார்க் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுவதற்குக் காரணம் உண்டு. மூன்றில் அதுதான் அரைகுறையாகத் தெரிந்தது. அதை முதலிலேயே எடுத்தால் யோசித்து யோசித்து 40 நிமிடம் போய், தெரிந்த 5 மார்க் கேள்வி இரண்டு விட்டுப்போகும். 25 நிமிடத்தில் சராசரிக் கையெழுத்துக்கு மூன்றரை முதல் நான்கு பக்கம் வரும். உங்கள் கைக்கு எத்தனை வருகிறது என்று தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே அளந்து பாருங்கள். செமஸ்டர் முழுக்கப் போனில் விரலை ஓட்டியவர்களுக்கு இரண்டாவது மணி நேரத்தில் கட்டைவிரல் அடியில் பிடித்துக்கொள்ளும். தினமும் ஒரு மணி நேரம் விடாமல் எழுதிப் பழகுவதைத் தவிர அதற்கு மருந்து இல்லை.

நேரம் கைமீறி, 15 நிமிடமே இருக்கும்போது ஒரு முழு 10 மார்க் கேள்வி பாக்கி என்றால், முன்னுரையை விடுங்கள். ஆறு துணைத்தலைப்பு, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி, இடம் இருந்தால் ஒரு படம். அழகான முன்னுரையும் பாதியில் நின்ற இரண்டு பத்தியும் வாங்குவதைவிட இது அதிகம் வாங்கும். கணக்குப் பதிவியல், கணிதப் பேப்பர்களில் விடை தப்பினாலும் படிநிலைக்கு மதிப்பெண் உண்டு. வொர்க்கிங் நோட்டைப் பென்சிலில் ஓரத்தில் கிறுக்காமல் விடையோடு சேர்த்தே எழுதுங்கள்.

கடைசிப் பத்து நிமிடத்தில் பார்க்க வேண்டியது எழுத்துப்பிழை அல்ல. 12 அ எழுதிவிட்டு 12 ஆ என்று எண் போட்டிருக்கிறோமா, ஒரே கேள்வியில் இரண்டையும் எழுதிவிட்டோமா, நடுவில் விட்ட வெற்றுப் பக்கங்களைக் கோடு போட்டு அடித்தோமா, பதிவு எண் சரிதானா என்பவைதான். விடைத்தாளைப் புத்தகமாகக் கொடுக்கும் இடங்களில் பெரும்பாலும் கூடுதல் தாள் தரமாட்டார்கள். பெரிய கையெழுத்துக்காரர்கள் முதலிலேயே பக்கத்தை எண்ணிக்கொள்ள வேண்டும்.

வெளியே வந்த பிறகு

வாசலில் நின்று விடை ஒப்பிடும் கூட்டத்தில் சேராதீர்கள். அடுத்த பேப்பர் நாளை மறுநாள் என்றால், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் குளித்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு மாலையில் சுலபமான யூனிட்டிலிருந்து தொடங்குங்கள். தேர்வு எழுதிய அன்றைக்குக் கடினமானது ஏறாது.

கடைசி பேப்பர் அன்று ஊருக்குப் பஸ் ஏறும் முன் மூன்று வேலை. நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நோ டியூ (பாக்கி இல்லை என்ற சான்று) வாங்க ஜூன் மாதம் ஒரு முறை வீணாக வர வேண்டியிருக்கும். எழுதிய வினாத்தாள்களைப் பாடவாரியாக அடுக்கி ஜூனியருக்குக் கொடுக்கும் முன் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஹால் டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். முடிவு வந்தபின் விடைத்தாள் நகல் கேட்பதற்கும் மறுமதிப்பீட்டுக்கும் கொடுக்கும் அவகாசம் சில நாட்கள்தான். அப்போது பதிவு எண்ணையும் பாடக் குறியீட்டையும் அதில் பார்த்துத்தான் விண்ணப்பம் நிரப்ப வேண்டும்.